சோனியா மேடைக்கு நடந்து வரும்போது போட வேண்டிய பாட்டு

கும்மிடிப்பூண்டி
சனிக்கிழமை, மாலை

பாசமுள்ள மச்சான் ஸ்டீவன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை சாராளின் கணவன் ஜெயராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் உயிரோடும், ஓரளவு காது கேட்கும் நிலையிலும் இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் கல்யாணப் பெண் சோனியாவும் அவ்வாறே இருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் போனில் பேச ஆரம்பித்தாலே நீங்கள் "சிக்னல் இல்ல ஜெயராஜ்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நண்பன் அப்பாவு திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறான். வழியில் செவ்வாப்பேட்டையில் இறங்கி இதையும் இதோடு இருக்கும் பென் டிரைவையும் உங்கள் கையில் தருவான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயதார்த்தத்தன்று உங்கள் பெரியம்மா, "அத்தை ஊட்டுச் சீரு இன்னா கொணாந்தீங்க?" என்று அத்தனை பேர் முன்னாலும் சாராளைக் கேட்டதும், அவள் தலை குனிந்ததும், நான் மைக்கை வாங்கி, "பாத்திரமும் பட்டும் யார் வேணா தருவாங்க. ரிசப்ஷன்ல எங்க சோனியா மேடைக்கு நடந்து வரும்போது நானே எழுதி, நானே பாடி, ஊட்லயே ரெக்கார்டு பண்ண பாட்டு ஒண்ணு போடுவோம், அதான் அத்தை ஊட்டுச் சீரு" என்று அறிவித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஜனங்கள் கை தட்டினார்கள். நீங்கள் தட்டவில்லை. கையில் பிரியாணித் தட்டு இருந்ததால் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் போன வாரம் நீங்கள், "திங்கக்கிழமைக்குள்ள பாட்டு வரலேன்னா கீபோர்டு மாஸ்டர வச்சி வாசிச்சிக்கறோம், நீ டென்ஷன் ஆவாத" என்று அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டு சாராள் ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பிறந்த வீட்டில் வெறுங்கையோடு வந்து நிற்க வேண்டுமே என்று அவளுக்குக் கவலை. என் மானம் போனாலும் பரவாயில்லை, அவள் மானம் போகக்கூடாது.

நான் பாடுவேனா என்று உங்களுக்குச் சந்தேகம் உண்டு. எங்கள் பிரஸ் ஷாப்பில் முப்பத்தோரு வருஷம் இரும்புத் தகடு அடிக்கிற இருநூறு டன் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று பாடியிருக்கிறேன். ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. அப்பாவுவும் அன்புசெல்வனும் காதில் அடைப்பான் மாட்டிக்கொண்டு வேலை செய்தபடியே தலையை ஆட்டி ரசிப்பார்கள். வீட்டிலும் குளிக்கும்போது, சாப்பிடும்போது, பேப்பர் படிக்கும்போது பாடிக்கொண்டுதான் இருப்பேன். ஆகவே குரல் தயார், ஒலிப்பதிவு மட்டும்தான் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள யூடியூபில் ஒரு தம்பியைப் பிடித்தேன். வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்வது எப்படி என்று பன்னிரண்டு பாடம் போட்டிருக்கிறார். முதல் பாடமே, நல்ல மைக் இருந்தால் மட்டும் போதாது, அறையில் வேறு சத்தமே இருக்கக்கூடாது என்பதுதான். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. குறை கண்டுபிடிப்பதுதானே என் உத்தியோகம்!

எங்கள் கம்பெனியில் சரியில்லாத பாகத்துக்குச் சிவப்பு அட்டை கட்டுவோம். தர ஆய்வாளர், அதாவது நான், கையெழுத்துப் போட்டு அவிழ்க்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது. ஓய்வு பெறும்போது ஒரு கட்டு அட்டை என் பையில் தவறுதலாக வந்திருந்தது. வீட்டைச் சுற்றி வந்து சத்தம் போடும் பொருளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கட்டினேன். ஃபேன், சுவர்க்கடிகாரம், மிக்சி, குக்கர், டிவி, காற்றில் படபடக்கும் காலண்டர், சாராளின் கண்ணாடி வளையல் எல்லாவற்றுக்கும் கட்டினேன். பல்லி பிடிபடவில்லை, அதை நோட்டில் மட்டும் எழுதி வைத்தேன். ஃபிரிஜ்ஜையும் நிறுத்தினேன். உள்ளே பழவேற்காட்டு இறால் இரண்டு கிலோ இருந்தது எனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் அது தன் கருத்தைத் தெருவுக்கே சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் உறுமிக்கொண்டிருந்ததால் அதற்கும் ஒன்று கட்டிவிட்டு வந்தேன். அந்த வீட்டு சுமலதா நேராக வந்து நின்று, "இன்னா சார், எங்க ஊட்டு மோட்டாருக்குத் தாலி கட்டிட்டு வந்துக்கிறீங்க?" என்று கேட்டது. சாராள் என்னைப் பார்த்து, "எனக்கு மட்டும் ஒரு அட்டை கட்டலியா?" என்றாள். நீ சத்தம் போடாமல் இருந்தால் தேவையில்லை என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்குள் அடங்கிய சத்தம் வெளியே அடங்கவில்லை. கூடூர் பக்கம் போகும் சரக்கு ரயில், சிப்காட் சங்கு, பைபாஸில் டிரெய்லர் லாரி, பள்ளிக்கூட பஸ் என்று ஒன்று மாற்றி ஒன்று. நான்கு நாள் மொட்டை மாடியில் குடையோடு உட்கார்ந்து நேரம் குறித்து, ஷிப்ட் அட்டவணை மாதிரி ஒன்று போட்டேன். மதியம் இரண்டு பத்திலிருந்து இரண்டு இருபத்தொன்று வரை மொத்தக் கும்மிடிப்பூண்டியும் பதினோரு நிமிஷம் மூச்சுக் காட்டாமல் இருக்கிறது. இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு இது தெரியாது. ஆறு சரணத்துக்கு அந்த நேரம் தாராளமாகப் போதும்.

இப்போது லேப்டாப். எங்கள் மோனிகாவின் பழைய லேப்டாப்பில் அவளே சாப்ட்வேர் போட்டுக் கொடுத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அதற்குள் ஒரு குட்டி ஃபேன் ஓடி இரைகிறது. மைக்குக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைக்காதே என்பது மூன்றாம் பாடம். ஆகவே மைக்கிலிருந்து இருபது அடி ஒயர் இழுத்து, லேப்டாப்பைச் சமையலறை மேடைமேல் வைத்து இரண்டு கதவையும் சாத்திவிட்டேன். மைக்கிலேயே ஹெட்போன் மாட்ட ஓட்டை இருக்கிறது, என் குரல் எனக்கு நேராகக் கேட்கும். ரெக்கார்டு பட்டனை அமுக்க மட்டும் ஆள் வேண்டும். நான் கதவைக் காலால் மூன்று தட்டு தட்டினால் சாராள் சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டு, சத்தம் வராமல் தன் வேலையைப் பார்க்க வேண்டும். பாவம், அவளுக்கும் பாத்திரம் கழுவுவதைத் தவிர வேறு வேலை இல்லை. மீதி எல்லாவற்றிலும் அட்டை தொங்குகிறது.

துணி நிறைந்த அலமாரிக்குள் பாடினால் எதிரொலி வராது என்பது நான்காம் பாடம். நம் வீட்டில் இருப்பது உங்கள் அப்பா சீராகக் கொடுத்த இரும்பு பீரோ. தட்டுகளைக் கழற்றி, உள்ளே மெத்தையும் சாராளின் புடவைகளும் தொங்கவிட்டு, சமையலறைக் கதவை மூன்று தட்டு தட்டிவிட்டு, மைக்கோடு நான் உள்ளே போய்க் கதவை இழுத்தேன். கதவு நன்றாகவே சாத்திக்கொண்டது. உள்பக்கம் கைப்பிடி இல்லை என்பதை உங்கள் அப்பா அப்போது சொல்லவில்லை. கத்தினேன். உதைத்தேன். ஒலித்தடுப்பு அவ்வளவு சுத்தம். இருபது நிமிஷம் கழித்து சாராள் வந்து திறந்தாள். "இன்னாங்க இப்டி வேர்த்துக்கீது? நான் மூணாவது சரணம் பாடிக்கினு இருக்கீங்கன்னு நெனைச்சேன்" என்றாள். மூன்றாவது சரணத்தில் 'காப்பாத்துங்க' என்ற வார்த்தையே கிடையாது மச்சான்.

பிறகு பீரோக் கதவில் ஒரு செங்கல் வைத்துப் பாட ஆரம்பித்தேன். அங்கேதான் பெரிய பேஜாரு. அமைதியில் எனக்குப் பாட வரவில்லை! முப்பத்தோரு வருஷம் பிரஸ் அடிக்கிற அடிக்குத்தான் தாளம் பிடித்திருக்கிறேன். அந்த அடி இல்லாமல் பல்லவி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பிரஸ் ஓடுவதைப் போனில் பதிந்து வரும்படி அப்பாவுவைக் கெஞ்சினேன். அவன் கம்பெனி கேட்டில் சொந்தக்காரரைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் பதிந்து வந்தான். ஒரு காதில் இருநூறு டன் பிரஸ், இன்னொரு காதில் என் குரல். மொத்தம் இருபத்தேழு தடவை, தினமும் ஒன்றிரண்டாகப் பாடி முடித்தேன். உடனுக்குடன் கேட்காதே, காது ஆறட்டும் என்று பாடத்தில் சொன்னதால் நேற்றுவரை எதையும் கேட்கவில்லை.

நேற்று மாலை சாராள் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போன நேரத்தில் அப்பாவுவையும் அன்புசெல்வனையும் உட்காரவைத்து, இருபத்தேழாவது பதிவை எடுத்து, சுருதி சரிசெய்யும் பட்டனை அமுக்கி ஓடவிட்டேன். மச்சான், நான் அழுதுவிட்டேன். அப்பாவு, "இன்னா ஜெயராஜு, கல்கண்டு கணக்கா கீது! மன்சன் கொரலக் கூடப் பாலிஷ் போட்ருதே" என்றான். அன்புசெல்வன் மட்டும், "கொஞ்சம் லேடிஸ் வாய்ஸ் மாரி இல்ல?" என்றான். அப்பாவு விடவில்லை. "துரு போனா இரும்பு பளபளன்னு ஆவாதா? அது மாரிதான்" என்று விளக்கினான். நான் கேட்காமலே பின்னணியில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு எஃபெக்டும், அவ்வப்போது வெண்கலம் தட்டுகிற மாதிரி தாளமும் சாப்ட்வேரே சேர்த்திருக்கிறது. நான் பாடிய ஆறு சரணத்தில் இரண்டுதான் வந்திருக்கிறது. பாடத்தில் 'கம்ப்ரஷன்' என்று ஒன்று உண்டு, ஒலியை அமுக்குவது. அதுதான் நான்கை அமுக்கிவிட்டது போலும். மாப்பிள்ளையின் டிப்ளமோ, அவர் கம்பெனி, அவர் போகிற மின்சார ரயிலின் நேரம் எல்லாம் அந்த நான்கில்தான் இருந்தன. மாப்பிள்ளை வீட்டாரிடம் வருத்தம் தெரிவிக்கவும்.

ஆகவே கீபோர்டு மாஸ்டரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பாட்டு தொடங்குமுன், "இயற்றியவர், பாடியவர், இசையமைத்தவர், ஒலிப்பதிவு செய்தவர்: மணமகளின் மாமா கும்மிடிப்பூண்டி ஜெயராஜ்" என்று தெளிவாக அறிவிக்க ஏற்பாடு செய்யவும். உங்கள் பெரியம்மாவை முன் வரிசையில் உட்காரவைக்கவும். சோனியாவுக்கு எங்கள் முத்தங்கள். கர்த்தர் அவள் போகிற வாசலையும் வருகிற வாசலையும் காப்பாராக. அக்காவுக்கு அன்பு. உங்கள் முழங்காலுக்குத் தைலம் அப்பாவு கையில் அனுப்பியிருக்கிறேன்.

தங்கள் அன்பு மைத்துனன்,
ஜெ. ஜெயராஜ்
(தர ஆய்வாளர், ஓய்வு)

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை, மதியம். மேலே எழுதியதை நம்ப வேண்டாம். இன்று காலை மோனிகா வந்தாள். பெருமையாகப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். இரண்டு வரி கேட்டுவிட்டு, "ப்பா, இது அம்மா" என்றாள். எந்த மைக்கிலிருந்து பதிய வேண்டும் என்று சாப்ட்வேரில் ஒரு இடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். நான் தொடவே இல்லை. லேப்டாப் தன் மூக்குக்குக் கீழே இருக்கிற சொந்த மைக்கிலேயே இருபத்தேழு தடவையும் சமையலறையைப் பதிந்திருக்கிறது. என் மைக்கில் விளக்கு எரிந்ததும் ஹெட்போனில் என் குரல் கேட்டதும்தான் மிச்சம். "இருபத்தேழுலயும் நீங்க ஒரு வார்த்த கூட இல்லப்பா. ஒரு எடத்துல மட்டும் தூரத்துல யாரோ கத்தறாங்க" என்றாள். அது பீரோ.

கதவைச் சாத்திக்கொண்டு நான் பாடிய நேரமெல்லாம், நமக்குத்தான் மைக் இல்லையே என்று பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் பாடியிருக்கிறாள். முதல் நாள் முணுமுணுப்பு. பத்தாவதில் என் மெட்டைத் திருத்தியிருக்கிறாள். இருபதுக்கு மேல் நான்கு சரணத்தைக் கழித்துவிட்டாள். கடைசியில் வருகிற "போற ஊடும் உன் ஊடு, பொறந்த ஊடும் உன் ஊடு" என்ற வரியை நான் எழுதவே இல்லை மச்சான். வெட்கமாக இருந்தது. கூடவே இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், அவளுக்குப் பாட வரும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்காவது தெரியுமா?

பென் டிரைவில் இருப்பது அதே இருபத்தேழாவது பதிவுதான். அதையே போடுங்கள். தண்ணீர்ச் சத்தத்தை எடுக்க வேண்டாம் என்று மோனிகா சொல்லிவிட்டாள். அறிவிப்பில் என் பெயருக்குப் பதிலாக, "மணமகளின் அத்தை சாராள்" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது, மண்டபத்தில்தான் தெரிய வேண்டும். கொஞ்ச நேரம் முன்னால் பேச்சுவாக்கில் கேட்பதுபோல, "ஏன் சாராள், நீ இத்தினி வருஷத்துல பாடியே நான் கேட்டதில்லியே?" என்று கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நீங்க எப்பங்க நிறுத்துனீங்க, நான் பாட?" என்றாள்.