காற்றடைத்த தொட்டியும் நின்றுபோன நிச்சயதார்த்தமும்

மகர்புரா, வதோதரா.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி துவாரகாதாஸ்பாய் அவர்களுக்கு ஜயந்திலால் எழுதுவது. ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. இங்கு நான், மனைவி சவிதா, மகள் ஹேதல் யாவரும் சுகம். தங்கள் வீட்டார் சுகமும் அறிய ஆவல். என் பட்டறை மட்டும் சுகமில்லை, காரணம் தாங்கள்.

உத்தராயணப் பண்டிகைக்குப் பட்டம் விட வந்தீர்கள், உந்தியூக் கூட்டு சாப்பிட்டீர்கள், சந்தோஷம். கையைக் கழுவிக்கொண்டு அப்படியே கிளம்பியிருக்கலாம். பட்டறைக்குள் நுழைந்து, பால்பண்ணைக்காக நான் செய்த மூடிய இரும்புத் தொட்டியைத் தட்டிப் பார்த்து, "இன்னுமா தண்ணி ரொப்பி ஒழுக்கு பாக்கறீங்க? ரொப்ப ஒரு நாள், வடிச்சு உலத்த ஒரு நாள்! காத்தை அடைச்சிட்டு மீட்டர் முள்ளைப் பாருங்க, ஜயந்திபாய்" என்றீர்கள். தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டால் கால்சட்டை நனையும்; காற்றுத் தொட்டி பிளந்தால் கூரையே போகும். ஆனாலும் பெண் கொடுக்கப்போகிற இடமாயிற்றே என்று சரி சொல்லிவிட்டேன்.

நேற்று உச்சி வெயிலில் காற்றடைத்தோம். எல்லோரும் சுவருக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தோம், முள் அசையவில்லை. சாயங்காலம் குளிர் இறங்கியதும் முள்ளும் இறங்க ஆரம்பித்ததே பார்க்கணும்! வெல்டர் கனுபாய் பற்றவைத்த இடமெல்லாம் சோப்பு நுரை பூசினான். ஒழுக்கிருந்தால் ஒரு குமிழி, ஒரே ஒரு குமிழியாவது வரணுமே? ஊஹும். வீட்டு சோப்பெல்லாம் தீர்ந்துபோய், "தொட்டிக்கு என்ன நலங்கா வைக்கிறீங்க? நாங்க எதைப் போட்டுக் குளிக்க?" என்று சவிதா கத்துகிறாள். தண்ணியா இருந்தா ஒழுகுற இடத்துல சொட்டிக் காட்டியிருக்கும். இந்தக் காத்து எந்தச் சந்துல போச்சுன்னே தெரியல. இன்று மாலை பால்பண்ணையின் பரிசோதகர் வருகிறார். தொட்டியைத் தள்ளிவிட்டாரானால் என் மானம் கப்பலேறும். உங்க பேச்சைக் கேட்டுத் தொட்டி போச்சு. பொண்ணையும் அனுப்பினா என்ன ஆகுமோ! ஆகவே நிச்சயதார்த்தத்தை நிறுத்திவிட்டேன். இது முடிந்த முடிவு.

பெரியவர்களுக்கு நமஸ்காரம். மாப்பிள்ளையாக இருந்த நிமேஷுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
ஜயந்திலால்

பின்குறிப்பு: இப்போது மத்தியானம். வெயில் ஏறியிருக்கிறது. முள்ளும் ஏறி, நேற்று இருந்த இடத்திலேயே நிற்கிறது! யாரும் காற்றடைக்கவில்லை என்று கனுபாய் சத்தியம் பண்ணுகிறான். ஹேதல்தான் சொன்னாள்: "வெயில்ல காத்து விரியும், குளிர்ல சுருங்கும், பப்பா. ஒழுக்கே இல்ல. இதுக்கா என் நிச்சயதார்த்தத்தை நிறுத்தினீங்க?" சொல்லிவிட்டு ஓவென்று அழுகிறாள். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. தயவுசெய்து கடிதத்தை இந்தப் பின்குறிப்பிலிருந்து வாசிக்கவும். பேசியபடி மோதிரத்தோடு வந்து சேருங்கள். பட்டறைப் பக்கம் மட்டும் வராதீர்கள்.