தொபுக்கடி சும்மா உட்கார்ந்த ஒரு மணி நேரம்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே நேராக நடக்கத் தெரியாத ஒரே ஆள் எங்கள் தெருத் தொபுக்கடிதான். விழுவதுதான் பிழைப்பு. கோயில் விசேஷம், காலேஜ் விழா, கடை திறப்பு, எங்கே கூப்பிட்டாலும் போய் விழுவார். ஜனம் சிரிக்கும். நான் மைக்செட் போடுகிறவன். இருபது வருசம் பார்த்தேன். எனக்கு ஒரு தடவையும் சிரிப்பு வரவில்லை.

மேடையோடு விட்டால் பரவாயில்லை. எழவு வீட்டில் மாலை போடப் போய் பெஞ்சோடு சாய்ந்தார். அழுதுகொண்டிருந்த பொம்பளைகள் சிரித்துவிட்டார்கள். செத்தவர் மகன் அடிக்க வந்தான்.

"ஏனுங்க, வெக்கமா இல்லீங்களா?" என்றேன்.

"சிரிச்சாங்கல்லொ?" என்றார். அந்தாளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் மகளுக்கு சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை. அப்பன் பிழைப்பைக் கேட்டே இரண்டு வரன் திரும்பிப் போனது. மூன்றாவது, ஆனைமலைப் பக்கம் தோப்புக்காரர்கள். பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. பெண் பார்க்க வருகிற அன்று என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, அப்பா பக்கத்துலயே உக்காந்துக்குங்க. எந்திரிச்சா அமுத்திப்போடுங்க."

அமுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் மனுசன் நட்ட கல் மாதிரி இருந்தார். பையனின் அம்மா சிரிக்கவே இல்லை. சுவர் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பித் தட்டோடு பெண் வந்தாள். புதுப் பட்டு காலில் தட்டியது. அத்தனை டம்ளரும் பையனின் அப்பா வேட்டியில்.

"சகுனமே செரியில்லீங்களே" என்று எழுந்தார் அந்தம்மா. பெண் சுவரோரம் ஒண்டினாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தொபுக்கடி என் கையை உதறினார். துண்டோடு ஓடினார். சிந்திய காப்பியில் கால் வைத்தார். சறுக்கி, நாற்காலியைப் பிடித்து, அதோடு ஒரு சுற்று சுற்றி, அவர்கள் கொண்டுவந்த பழத்தட்டில் போய் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். மூன்றாவது தடவை அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போதும், எந்திரிங்க சம்பந்தி" என்றார்.

பூ வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

அவர்கள் கார் தெரு திரும்பியதும் தொபுக்கடி மணிக்கட்டைக் காட்டினார். வீங்கியிருந்தது.

"எப்பவும் கைய மடக்கித்தானுங்க உளுவேன். இன்னிக்கு அவசரத்துல மறந்துபோட்டனுங்க."

"லூசுங்க நீங்க" என்றேன். வண்டியில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

பீளமேட்டு ரோட்டில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.