எஸ்தரின் இட்லிப் பக்கம்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கமலுக்கு, உன் அக்கா புருஷன் அந்தோணி எழுதுவது. இங்கே நானும் என் இருமலும் சுகம். அங்கே நீயும் ஷாரோனும் குழந்தையும் சுகமாயிருக்க தேவன் துணையிருப்பார் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. மெயிலைத் திறக்கப் போனால் உங்கள் போனுக்கு ஒரு நம்பர் அனுப்பியிருக்கிறோம் என்கிறது. அது போய்ச் சேருவது உன் அக்காவின் பழைய போனுக்கு, அந்த நம்பர் இப்போ உயிரோடு இல்லை.

வரும் பன்னிரண்டாம் தேதியோடு எஸ்தர் போய் ஒரு வருஷம். நினைவு நாளுக்கு அக்காவோட காஞ்சிபுரம் இட்லியை அவள் எழுதினபடியே செய்யணும், நெட்ல இருக்குமே மாமா, தேடி அனுப்புங்க என்று கேட்டாய். பதினோரு வருஷம் பிரவுசிங் சென்டர் நடத்தினவனுக்கு இது ஒரு வேலையா என்று உட்கார்ந்தேன். மதியம் கடையில் கூட்டமில்லாதபோது நாலாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்துதானே அவள் அந்தப் பக்கத்தை எழுதினாள். பேர்தான் சமையல், பாதிக்கு மேல் என்னைப் பற்றிய புகார். உப்பு பத்தலை என்று நான் சொன்னதை அவள் அதில் எழுதப்போய், மஸ்கட்டிலிருந்து யாரோ ஒருத்தர் எனக்குப் புத்தி சொல்லி எழுதினார். மூணே பேர் படித்த பக்கம், நாலாவது ஆள் வந்த அன்று தெருவுக்கே கேசரி கொடுத்தோம். ஒண்ணைத் தேடிப் போய் வேறெதிலோ விழுந்து, பொழுது போனதே தெரியாது. அந்த சந்தோஷம் எங்கே போச்சுன்னு தெரியலைப்பா.

இப்போ எதைத் திறந்தாலும் முதலில் பேர், போன் நம்பர், விலாசம் கேட்கிறான். ரேஷன் கார்டைக் காட்டி நோட்டில் பேர் எழுதாத யாரையும் நான் கடைக்குள் விட்டதில்லை. அப்படிப்பட்டவன் கேட்கிறவனுக்கு எப்படி மறுக்கிறது? எல்லாத்தையும் ஒழுங்கா நிரப்பினேன். மறுநாள்லேருந்து போன் ஓயலை, முசரவாக்கத்துல மனை வாங்குங்கன்னு ஒருத்தர் வீட்டுக்கே வந்துட்டார், டீ குடுத்து அனுப்பினேன். அப்புறம் நான் இயந்திரம் இல்லைன்னு நிரூபிக்கப் படிக்கட்டு இருக்கிற கட்டத்தையெல்லாம் தொடச் சொன்னான், மூணு தடவை தோத்தேன். அதையும் தாண்டினா, ரெண்டு பக்கமும் தறிச் சத்தம் கேட்கிற வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் காஞ்சிப் பட்டு பாதி விலைன்னு காட்டுறான். கீழே, 'உங்கள் மனைவிக்குப் பரிசளியுங்கள்.' அதை நான் மூடலை கமல். ரொம்ப நேரம் பாத்துக்கினு இருந்தேன்.

கடைசியில் போய்ச் சேர்ந்தால் பக்கமே இல்லை. இலவசமா இடம் குடுத்த கம்பெனி போன வருஷம் மூடிட்டானாம், முன்னாடியே மெயில் போட்டானாம். எந்த மெயில் என்று உனக்கே தெரியும், நம்பர் கேட்டு என்னை உள்ளே விடாத அதே மெயில். அடக்கத்தன்னைக்குக்கூட நான் இப்படி அழலை. எதிர்வீட்டு அன்னம்மாள் வந்து, "இன்னாண்ணா, இட்லிக்காவா இப்டி அழுதுக்கினு இருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. ஆமாம்மா, இட்லிக்குத்தான்னு சொன்னேன்.

இட்லி எப்படின்னு தேடினா இப்போ மேலேயே ஒரு பெட்டியில் இயந்திரம் பதில் சொல்லுது. பச்சரிசி, உளுந்து, சுக்கு, மிளகு, மந்தாரை இலை. வளவளப்பு இல்லை, ஆளும் இல்லை. அதை ஒரு காகிதத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உன் அக்காவுடையது இல்லை, யாருடையதும் இல்லை. நீ போட்டுக்கொடுத்த நெட் இணைப்பை இந்த மாசத்தோடு வெட்டச் சொல்லிவிடு. எனக்கு அதில் இனி தேட ஒன்றுமில்லை.

ஷாரோனுக்கு என் அன்பு. குழந்தை நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு சிலுவை போடு. கர்த்தர் உங்கள் வீட்டை விட்டு நகராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா அந்தோணி

பி.கு.: உறையை ஒட்டுமுன் அளவைச் சரிபார்க்க அந்தப் பெட்டியை மறுபடி திறந்தேன். பட்டு விளம்பரத்துக்கு அடியில் 'மேலும் காண்க' என்று ஒன்று ஒளிந்திருந்தது. அழுத்தினேன். "வீட்டில் இருமல்காரர் இருந்தால் மிளகு ஒரு ஸ்பூன் போதும். உப்பு பத்தலை என்பார், நம்ப வேண்டாம்" என்று வந்தது. அவள் பக்கத்திலிருந்து எடுத்துக்கினு அவள் பேரைப் போடலை, படுபாவிங்க. இணைப்பை வெட்டாதே. காகிதத்தின் அடியில் அதையும் சேர்த்திருக்கிறேன். நான் என்ன சொன்னாலும் கேட்காதே, உப்பு அவள் சொன்ன அளவே போடு.