நடுங்காத வரைபடம்

ஒரு காட்டில், இலை ஆடினால்தான் காற்று என்று சட்டம் இருந்தது. அந்தக் காட்டில்தான் ஓர் ஆட்காட்டிப் பறவைக்குச் சூரியக் காற்றை அளக்கும் வேலை கிடைத்தது.

மலைச்சரிவில் நீளநீளமாகக் கம்பிகள் கட்டியிருந்தார்கள். வானத்தின் கடைக்கோடியிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அவை பிடிக்கும். சூரியன் ஊதும் காற்று குறுக்கே வந்தால் அலை நடுங்கும். எந்தத் திசையில் எவ்வளவு நடுக்கம் என்று குறித்துக்கொண்டே போனால், வருகிற காற்றின் வரைபடம் கிடைத்துவிடும்.

அன்று காலை அலை என்றுமில்லாதபடி நடுங்கியது. பெரும்புயல். இலையை அசைக்காது, ஆனால் நாளை வந்து மின்கம்பிகளைப் பொசுக்கிவிடும். காட்டு முட்டைகளெல்லாம் அரசாணைப்படி மின்சார அடைகாப்பகத்தில் இருந்தன. அவளுடையவையும்.

இயக்குநர் உடும்பிடம் ஓடினாள். அடைகாப்பகத்துக்கும் அவரே பொறுப்பு. முட்டை விஷயத்தில் அவருக்கு அனுபவம் அதிகம்.

“ஐயா, புயல் வருது. முட்டைகளைத் தாய்ங்ககிட்டயே குடுத்துடுங்க.”

“என்னம்மா இது, ஒரே கிறுக்கலா இருக்கு? நடுங்குதுன்னா கருவி பழுதுன்னு அர்த்தம்.”

“அந்த நடுக்கத்தைத்தானேய்யா நாம அளக்கிறோம்!”

“எதிர்த்துப் பேசாதே.”

மாலைக்குள் நடுக்கத்தை வடிகட்டும் பெட்டியைப் பொருத்தினார்கள். வரைபடம் வெள்ளைவெளேரென்று வந்தது. உடும்பு அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்.

ஆட்காட்டி பெண்மயிலிடம் போனாள். “அக்கா, உன் முட்டையை எப்படியாவது எடுத்துட்டு வந்துடு.”

“ஒரு இலை ஆடலை, காத்தாம் காத்து! கத்துறதே உனக்குப் பொழப்புடி.”

ஆட்காட்டி முட்டையைக் கூழாங்கற்களுக்கு நடுவில் வைத்தால் கண்டுபிடிக்க முடியாது. காவல் மாறும் நேரம் பார்த்து அடைகாப்பகத்துக்குள் போனாள். தன் முட்டைகள் இருந்த இடத்தில் கூழாங்கற்களை வைத்துவிட்டு, முட்டைகளை உருட்டிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் இலை ஆடவில்லை. மின்மாற்றி வெடித்தது. முட்டைகள் சில்லிட்டுப்போயின.

வரைபடத்தில் காற்று இல்லை, ஆகவே புயலும் இல்லை. எல்லாம் தாய்மாரின் கவனக்குறைவு என்று உடும்பு தீர்ப்புச் சொன்னார். கெட்ட முட்டைகளை அப்புறப்படுத்தும் சிரமத்தையும் அவரே ஏற்றுக்கொண்டார். ஆட்காட்டியுடையவற்றைக் கடித்தபோது மட்டும் அவர் பற்கள் உடைந்தன.

சிறந்த தாய் விருது அவளுக்குத்தான்.

“எப்படிம்மா உன் முட்டை மட்டும் இவ்வளவு உறுதி?” என்றார் உடும்பு, மேடையில், பொக்கைவாயோடு.

“எல்லாம் உங்க நிர்வாகம்தாங்கய்யா.”

கீழே பெண்மயில் அழுதுகொண்டிருந்தாள். ஆட்காட்டி அந்தப் பக்கம் திரும்பவில்லை. மலைச்சரிவில் அவள் குஞ்சுகள், கத்தாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தன.

நீதி: மேலிடத்துக்கு உண்மையைக் கொடுத்தால் வடிகட்டுவார்கள், கல்லைக் கொடு, விருது தருவார்கள்.