சொத்தைப் பல்லுக்குக் காவல்

"உங்க தம்பி கிளினிக்குக்குப் போய்ப் பல்லை அடைச்சுக்கிட்டாராம்!" டாக்டரம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லதுதானே?" என்றான் கணவன்.

"நல்லதா? அடுத்த வாரம் பரீட்சை. அந்தச் சொத்தையை நம்பித்தானே இருந்தேன்!"

சொந்த ஊரில் பத்து வருஷம் பல் டாக்டராக இருந்தவள். பிழைக்க வந்த நாட்டில் அந்தப் பட்டம் செல்லவில்லை. இங்கே லைசன்ஸ் வேண்டுமானால் தேர்வாளர் கண்ணெதிரே ஒரு நிஜப் பல்லை அடைத்துக் காட்ட வேண்டும். பேஷண்டையும் அவளேதான் பிடித்து வரவேண்டும். சொத்தை சின்னதாக இருந்தால் எடுபடாது, நரம்பைத் தொட்டிருந்தாலும் எடுபடாது. இந்தத் தடவை கோட்டை விட்டால், இன்னொரு வருஷம் எவனோ ஒரு டாக்டர் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மாடிவீட்டுக்காரர் பார்சல் கம்பெனியில் பெட்டி அடுக்குகிறவர். மறுநாள் படிக்கட்டில் அவர் கொட்டாவி விட்டபோது அவள் கண்ணில் பட்டது, அளவெடுத்துச் செய்த மாதிரி ஒரு சொத்தை.

"அண்ணே, வாயை மூடாதீங்க!"

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தயங்கினார். "அன்னைக்கு எனக்கும் ஒரு ஜோலி இருக்கேம்மா."

"பயமா இருக்குன்னு சொல்லுங்க. என் கடைவாய்ப் பல்லுலகூடத்தான் ஓட்டை இருக்கு. நான் பயந்தேனா?"

"அப்படியா? எந்தப் பக்கம்? ஆ காட்டுங்க." எட்டிப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது. "சரிம்மா, ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

அன்றோடு அவள் தூக்கம் போயிற்று. சொத்தை பெரிதாகிவிட்டால்? இனிப்பைத் தொடக்கூடாது என்றாள். "நீங்களும் தொடாதீங்க" என்றார் அவர். வெளியில் எதையாவது கடித்துப் பல்லை உடைத்துக்கொள்வாரோ என்று பயந்து, மூன்று வேளையும் தன் வீட்டிலேயே சாப்பாடு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"கட்டின புருஷன் வாயை என்னைக்காவது இப்படிப் பார்த்திருக்கியா?" கணவன் எரிந்து விழுந்தான்.

"உங்க வாயில பேச்சைத் தவிர என்ன இருக்கு?"

கவலையில் பல்லை நறநறவென்று கடித்துக் கடித்து, பரீட்சைக்கு முதல் நாள் அவளுடைய ஓட்டைப் பல்லே கூசத் தொடங்கியது. "நான் வேலை பார்க்கிற டாக்டர் இன்னைக்கே அடைச்சு விடறேங்கறார்" என்று அவள் கிளம்ப, மாடிவீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு ஓடிவந்து வாசலை மறித்தார்.

"ஐயையோ, அதைத் தொடாதீங்கம்மா! நாளைக்குப் பரீட்சையை வச்சுக்கிட்டு இன்னைக்கு ஊசியா? முதல்ல அது முடியட்டும்!"

கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பதறமாட்டான் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பல் கூசினாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் காலை அவர் தோளில் ஒரு பெரிய பையோடு இறங்கி வந்தார்.

"பையில என்னண்ணே?"

"நம்ம ஜோலிக்கு வேண்டிய சாமான்தாம்மா."

தேர்வுக்கூடத்தை நெருங்க நெருங்க, மனுஷன் கடைசி நிமிஷத்தில் ஓடிவிடுவாரோ என்று அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் அவளுடைய கைப்பையின் வாரை விடவில்லை.

வாசலில் இருந்த காவலாளி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று சிரித்தார்.

"வாங்க டாக்டர்! போன தடவை பேஷண்ட் ஏமாத்திட்டாருன்னு அழாத குறையா திரும்பிப் போனீங்களே... இந்தத் தடவை உங்க பரீட்சை மத்தியானம்தானே, அதுக்குள்ள காலையிலேயே இந்தம்மாவைப் பிடிச்சுட்டு வந்துட்டீங்களா?"