போன் கடையில் நான் எடுத்த பாட்டு

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அந்த வயதில் எனக்குப் பயம். அதனால் ஒருநாள் காலையில் நாற்பது பேரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வைத்தேன்.

இரண்டாயிரத்து ஐந்து. சுனாமி வந்து போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மரக்காணத்தில் அலைச் சத்தம் கொஞ்சம் கூடினாலே ஜனம் வாசலுக்கு வந்து நிற்கும். உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த என் அக்கா வீட்டுக்காரர் அப்போதுதான் கலர் போன் வாங்கினார். நான் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள். (முடித்தது டைப்பிங் மட்டும். வீட்டில் யாரும் விவரம் கேட்கவில்லை.)

"ஏம்மா, இதுக்குள்ள ஏதோ கடை இருக்குதாம். பாட்டு, கேமு எல்லாம் அதுலயே எடுக்கலாமாம். சாமி பாட்டு ஒண்ணு எடுத்து மணியா வச்சிக் குடு" என்றார் மாமா.

"அது ஈசி மாமா" என்றேன். போனை வாங்கிக்கொண்டேன்.

போனுக்குள் கடை என்பது எனக்கு விளங்கவே இல்லை. பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. கடைக்காரர் கிடையாது. எடுத்தது பிடிக்காவிட்டால் யாரிடம் போய் நிற்பது? ஒவ்வொரு ஓகேவையும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவது மாதிரி அழுத்தினேன். கடைசியில் ஒரு பட்டியல் வந்தது. சின்னத் திரையில் பெயர்கள் பாதியிலேயே நின்றன. ஒன்றில் இங்கிலீஷில் 'ஏர் ரா' வரைதான் தெரிந்தது. ஏதோ ராகம் என்று முடிவு கட்டி, அதையே எடுத்து மணியாக வைத்தேன். போட்டுக் கேட்டிருக்கலாம். மறுபடி அழுத்தினால் மறுபடி வாங்கியதாகிவிடுமோ என்று பயம். மாமா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்கு மேல் மனசு கேட்கவில்லை. உப்பளத்துக்கு எதிரே, ரோட்டோர டீக்கடையின் ஒரு ரூபாய் போனிலிருந்து மாமாவுக்கு அடித்தேன்.

மணி போனது. தூரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நாலு பேர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அதைப் பார்த்து மொத்த உப்பளமும் என்னை நோக்கி ஓடி வந்தது. கூடவே ஊஊஊ என்று சங்குச் சத்தம்.

"கடல் வருது! ஓடு!"

ரிசீவரை அப்படியே தொங்க விட்டுவிட்டு நானும் ஓடினேன். (கட் பண்ணியிருந்தால் சத்தம் நின்றிருக்கும்.) எல்லாருக்கும் முன்னால் மாமா. அவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சங்கு அவரை விடவில்லை. பாவம், அதனால் இன்னும் வேகமாக ஓடினார்.

ரோட்டில் நின்ற உப்பு லாரியில் எல்லாரும் தொற்றினோம். "பெருமுக்கல் மலைக்கு உடுப்பா!" என்று யாரோ கத்தினார்கள். சுனாமியில் வீட்டைப் பறிகொடுத்த அஞ்சலையக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பின்னால பாக்காத. கண்ண மூடிக்க" என்றாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. சங்குச் சத்தம் எப்போது நின்றதென்று யாரும் கவனிக்கவில்லை.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. "மாமா, அக்கா வீட்ல தனியா இருக்கா!"

மாமாவின் முகம் வெளுத்தது. அந்த நொடியில் மறுபடி ஊஊஊ. லாரியே அலறியது. பிறகு ஒவ்வொரு தலையாக மாமாவின் சட்டைப் பைப் பக்கம் திரும்பியது. அவர் போனை எடுத்தார்.

"ஏங்க, கொழம்புல கருவாடு போடட்டுமா?" அக்காவின் குரல் லாரி முழுக்கக் கேட்டது.

"கடலு... கடலு எங்க இருக்குது?"

"இருக்கற எடத்துலதான் இருக்குது. ஏன்?"

லாரி நின்றது. "எம் போனுதான், எந் தப்புதான்" என்று மாமா ஆரம்பித்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் வச்சேன். ராகம்னு நெனச்சேன். எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா."

அஞ்சலையக்கா என்னையே பார்த்தாள். "அப்ப தண்ணி வரல?"

"வரலக்கா."

"நெசமா வரல?"

"இல்லக்கா."

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை எந்த இடத்தில் சிரிப்பானதோ தெரியாது. லாரியே சேர்ந்து சிரித்தது. நான் மட்டும் வீடு வரை அழுதேன்.

முழுப்பெயர் 'ஏர் ரெய்டு'; விமானம் குண்டு போட வந்தால் ஊதுகிற சங்காம் அது. யாரோ பிறகு படித்துச் சொன்னார்கள்.

இப்போது எனக்குக் கல்லூரி போகிற பெண் இருக்கிறாள். இன்றைக்கும் நான் போன் செய்தால் மாமா ஹலோ சொல்வதில்லை.

"சொல்லும்மா. ஓடணுமா, வேணாமா?"