ஆறுதுங்க அண்ணனும் இலைப் படமும்

ஓட்டல்களில் சாப்பாட்டைப் படம் எடுக்கத் தடை போடலாமா கூடாதா என்று இப்போது ஆளாளுக்கு விவாதம் செய்கிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. செல்போனைப் பார்த்து சாம்பார் கரண்டியை ஓங்கிய இந்தியாவின் முதல் மனிதர் நாமக்கல்லில் இருக்கிறார். அவருக்கு முன்னால் வேறு யாராவது ஓங்கியிருந்தால் எழுதிப் போடுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

திருச்செங்கோடு ரோட்டில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவே அவருடைய மெஸ். டயர் கம்பெனி ஒன்றின் விற்பனை ஆளாக நான் நாமக்கல்லில் குப்பை கொட்டிய காலத்தில் எனக்கு மதியச் சாப்பாடு அங்கேதான். சமைப்பது அவர் மனைவி. அந்த அம்மாளை எல்லோரும் அக்கா என்போம். பரிமாறுவது அவர். "ஆறுதுங்க, ஆறுதுங்க" என்று இலைக்கு இலை சொல்லிக்கொண்டே போவதால் டிரைவர்கள் அவருக்கு 'ஆறுதுங்க அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் என்னவென்று கடைசிவரை எனக்குத் தெரியாது. ரேஷன் கார்டில்கூட ஆறுதுங்க என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சோறு ஆறுவதுதான் அவருக்கு ஜென்ம விரோதி. செல்போன் வந்த பிறகு விரோதிக்குக் கூட்டாளி கிடைத்துவிட்டான். இலையில் சோறு விழும், ஆள் போனைத் தூக்குவான், கோணம் பார்ப்பான், அப்பளத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பான், மறுபடியும் கோணம் பார்ப்பான். அதற்குள் ஆவி போயே போய்விடும். அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் சுவரில் போர்டு மாட்டினார். 'இலையைப் படம் எடுக்கக் கூடாது. எடுத்தால் சாதம் திரும்பப் பெறப்படும். இப்படிக்கு நிர்வாகம்.' நிர்வாகம் என்பது அவரும் அக்காவும்தான். அதில் பாதி நிர்வாகத்திற்கு போர்டு மாட்டியதே தெரியாது.

கொங்கு நாட்டு மரியாதை விசேஷமானது. அண்ணன் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். சேலத்திலிருந்து யூட்யூப் சேனல்காரர் ஒருவர் வட்ட விளக்கோடு வந்து இறங்கினார். பள்ளிபாளையம் சிக்கனைச் சுற்றி விளக்கை நிறுத்தி, தேங்காய்ச் சில்லுகளை ஒவ்வொன்றாக மேலே எடுத்து அடுக்கினார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"லைட்டிங் செட் பண்றேண்ணா. ஒரு அஞ்சு நிமிஷம்."

"வாய் எங்க இருக்குதுன்னு இருட்டுலயே தெரியுமுங்க. வெளிச்சம் எதுக்குங்க?"

"ஒரே ஒரு ஷாட்ணா."

"அந்தக் கோழி செத்தது உங்க வயித்துக்குங்க. சினிமாவுல நடிக்கறதுக்கு இல்லைங்க." சொல்லிக்கொண்டே சிக்கன் மேல் சோற்றைப் போட்டு, சோற்றின் மேல் ரசத்தையும் ஊற்றிவிட்டார். அந்த வீடியோவில் கடைசியில் தெரிவது ஆவி படிந்த விளக்கு மட்டும்தான்.

யாராவது போனை எடுத்தால் அவர் சத்தம் போடமாட்டார். சாம்பார் வாளியோடு இலைக்கும் போனுக்கும் நடுவே வந்து நின்றுவிடுவார். அதனால் இணையத்தில் அந்த மெஸ்ஸைத் தேடினால் சாப்பாடு வராது, அண்ணனுடைய பனியன் போட்ட தொப்பைதான் பக்கம் பக்கமாக வரும். கீழே ஒருவர் 'உணவு அருமை, வயிறு பிரமாதம்' என்று எழுதியிருந்தார்.

இந்தக் கொள்கையை அவர் மெஸ்ஸோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. சொந்த மச்சான் கல்யாணத்தில், பந்தி நடக்கும்போது வீடியோக்காரர் வழக்கம்போல் கண் கூசும் விளக்கோடு உள்ளே வந்து ஒவ்வொருவர் வாயையும் படம் பிடிக்க ஆரம்பித்தார். அண்ணன் எழுந்துபோய் சுவிட்சை அணைத்தார். அணைத்தது மண்டபத்தின் மெயின் சுவிட்ச். விளக்கு திரும்ப வந்தபோது பெண்ணின் பெரியப்பா பாயசத்தில் மிளகாய் பஜ்ஜியை முக்கித் தின்றுகொண்டிருந்தார். நன்றாகத்தான் இருந்ததாம்.

இப்படிப்பட்டவரை ஆத்தூர்ப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் மாற்றிவிட்டுப் போனார்.

ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் வண்டி. டிரைவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கை கழுவி உட்கார்ந்தார், இலை நிறைய விழுந்தது, போனை எடுத்தார். வாளி குறுக்கே வந்துவிட்டது.

"அம்மாவுக்கு அனுப்பணும்ணா. ஒண்ணே ஒண்ணு."

"எல்லாருமே அம்மாவுக்குன்னுதானுங்க சொல்றாங்க. உண்ணுங்க, ஆறுதுங்க."

"படம் போனாத்தாண்ணா அது சாப்பிடும்."

"நீங்க மொதல்ல உண்ணுங்க சாமி. படமெல்லாம் பொறவு பாக்கலாம்."

"காலி இலையை அனுப்புனா நம்பாதுண்ணா." டிரைவர் போனைச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு எழுந்தார். கோபமெல்லாம் இல்லை. "சரிண்ணா, வேற எங்கயாவது பாத்துக்கறேன்" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிசையாத சோறு இலையில் அப்படியே இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் கை நின்றுவிட்டது. சத்தம் அடங்கியதைக் கேட்டு அக்கா சமையல் கட்டிலிருந்து வந்தார். இலையைப் பார்த்தார், வாளியோடு நின்ற புருஷனைப் பார்த்தார்.

"ஆருங்க இது, உண்ணாம எந்திரிச்சுப் போனது?"

அண்ணன் போர்டைக் காட்டினார். அக்கா அதை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தார் போலிருக்கிறது. உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"நம்ம இலையில உக்காந்த பையன் பசியோட போறான். அவன் உண்ணாம இனி இந்த அடுப்பு பத்தாதுங்க. நாளைக்கும் பத்தாது, நாளான்னைக்கும் பத்தாது. நீங்க அந்தப் போர்டையே வறுத்துப் போடுங்க எல்லாத்துக்கும்."

அக்கா சொன்னால் செய்கிறவர். மெஸ்ஸே மூடப்போகிறது என்று அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அது எங்களுக்கும் புரிந்தது. நான் அப்போது ரசத்திற்குக் காத்திருந்தேன். அரை வயிற்றோடு பைக்கை எடுத்தேன். அண்ணன் ஒரு கையில் சோற்றுப் போசி, மறு கையில் குழம்புத் தூக்கு, அக்குளில் வாழை இலைக் கட்டு என்று பின்னால் ஏறிக்கொண்டார். என்னைப் பிடித்துக்கொள்ள அவருக்குக் கை மிச்சமில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் என் முதுகில் கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பு இறங்கியது.

"மெதுவாப் போங்க, சிந்துதுங்க. வெரசாப் போங்க, ஆறுதுங்க" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே வந்தார்.

நல்லவேளை, லாரிகளை எடை போடும் மேடையில் வரிசை இருந்தது. அந்த வண்டி நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் போசியோடு கேபினில் ஏறினார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. உண்ணுங்க."

"கோவம் இல்லண்ணா. அம்மாவுக்கு சுகர். மாத்திரையைப் போட்டுட்டு போனைப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கும். சாப்பிட்டேன்னு வாயால சொன்னா நம்பாது. எங்கப்பாவும் டிரைவருதான். பட்டினியா வண்டி ஓட்டிக்கிட்டே சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னு போன்ல சொல்லுவாரு."

அண்ணன் இன்ஜின் மூடிமேல் இலையை விரித்துப் பரிமாறினார். "போனைக் குடுங்க" என்று வாங்கி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சாப்பாட்டைப் படம் எடுத்தார். முதல் படத்தில் அவருடைய கட்டை விரல் மட்டும் இருந்தது. இரண்டாவதில் ஸ்டியரிங்கும் கண்ணாடி ஓரம் ஒட்டியிருந்த முருகரும் விழுந்தார்கள். மூன்றாவதில் இலை விழுந்தது. "அப்பளம் சரியாத் தெரியலைங்க, மறுக்கா எடுக்கறேன்" என்று அண்ணன் அப்பளத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். நான் என் காதை நம்பவில்லை.

படம் போன மறுநிமிடம் வீடியோவில் அந்த அம்மாள் வந்துவிட்டார். மகனுடைய போனில் வேறு முகம் தெரியவும் பயந்துவிட்டார்.

"யாருப்பா நீ? எம்புள்ள எங்க?"

"மெஸ்ஸுக்காரனுங்கம்மா. தம்பி இதோ உண்ணறாருங்க. நீங்க உண்ணுங்க, நேரமாச்சு."

அந்த அம்மாள் மகன் ஒரு வாய் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்தார். பிறகு சும்மா இருக்காமல், "நீ சாப்டியாப்பா?" என்றார்.

எத்தனையோ வருஷமாக ஊருக்கே பரிமாறுகிற மனிதர். அவர் சாப்பிட்டாரா என்று இலையில் உட்கார்ந்த எவனும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"இன்னும் இல்லைங்கம்மா."

"அப்ப நீயும் ஒக்காரு. இலையோட எனக்குப் படம் அனுப்பு."

அந்தப் படத்தை நான்தான் எடுத்தேன். லாரி கேபினில், மடியில் இலையோடு, பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவில் நிற்பதுபோல் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். கண் மட்டும் கலங்கியிருக்கும். குழம்பு காரம் என்று சொன்னார். அக்கா குழம்பில் காரம் அவ்வளவெல்லாம் கிடையாது.

மறுநாள் அடுப்பு எரிந்தது, போர்டும் மாறியது. 'வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அனுப்ப மட்டும் இலையைப் படம் எடுக்கலாம்.' ஆனால் விசாரணை உண்டு. "ஆருக்குங்க?" என்பார். காலேஜ் பையன்கள் கூசாமல் "அம்மாவுக்கு" என்பார்கள். "போட்டுக் குடுங்க, பேசறேன்" என்று போனை வாங்கி, "வணக்கமுங்கம்மா, உங்க பையன் கத்திரிக்காயைத் தொடவே இல்லைங்க" என்று சொல்லிவிடுவார். ஒரே வாரத்தில் பையன்கள் போனைப் பைக்குள் வைத்துவிட்டார்கள். பழைய போர்டுகூட இவ்வளவு வேலை செய்ததில்லை.

எனக்கு ஓசூருக்கு மாற்றலாகிவிட்டது. போன மாதம் ஒருநாள் மதியம், வேலை நெருக்கடியில் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். "இன்னைக்கு உண்டீங்களா? சும்மா சொல்லாதீங்க, இலையைப் படம் எடுத்து அனுப்புங்க" என்றார். நான் பேனாவை மூடிவிட்டு எழுந்து ஓட்டலைத் தேடிப் போனேன். அம்மா போன பிறகு என்னை அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.